யார் பணத்தில் ஓடுது கடை?

8 ஜூன் 2025

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே தருகிறேன்:

"அண்ணா, ஆண்டறிக்கையைப் படிச்சா ஒரு கம்பெனி எப்படிப் பொழைக்குதுன்னு தெரிஞ்சுடும்னு சொல்றீங்க. நாங்க அட்டைப்பெட்டி போடறோம். ஒரு பெரிய ஃபுட் கம்பெனி ஆர்டர் தர்றேங்குது, தொண்ணூறு நாள் கடன் கேக்குது. அவங்க அறிக்கையை டவுன்லோட் பண்ணிப் படிச்சேன். சேர்மன் சிரிக்கிறார், மரம் நடறாங்க, சின்னப் பிள்ளைங்க லேப்டாப்போட உக்காந்திருக்காங்க. இதுல வியாபாரம் எங்க இருக்கு?"

முன்பாதியில் இல்லை தம்பி. முன்பாதி விளம்பரம். அதைத் தள்ளிவிட்டு நேராகப் பின்னாடி போ. கணக்குக்கான குறிப்புகள் என்று பொடி எழுத்தில் ஆரம்பிக்கும். அங்கேதான் எல்லாம்.

முதலில் செலவுப் பக்கம். மூலப்பொருள் செலவு ஒரு வரி, வாங்கி விற்ற சரக்கு இன்னொரு வரி, இரண்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது பெரிசாக இருந்தால், எத்தனை ஃபேக்டரி போட்டோ போட்டிருந்தாலும் அந்தக் கம்பெனி பாதி வியாபாரிதான். வேறு யாரோ செய்து தருகிறார்கள், இவர்கள் லேபிள் ஒட்டி விற்கிறார்கள். அடுத்து சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி. தரவேண்டியதை வருடக் கொள்முதலால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் எத்தனை நாள் கழித்துக் காசு கொடுக்கிறார்கள் என்று வந்துவிடும். மற்றதுக்கும் இதே மாதிரிதான், வரவேண்டிய பாக்கியை மட்டும் விற்பனையால் வகுக்க வேண்டும்.

இனி ஒரு வெள்ளைத்தாள் எடு. நடுவில் கம்பெனி. சரக்கு போகும் வழிக்குக் கறுப்பு அம்பு, காசு போகும் வழிக்குச் சிவப்பு அம்பு. ஒவ்வொரு அம்பு மேலும் நாள் எழுது. சரக்கைக் கொடுத்துவிட்டுச் சிவப்பு அம்புக்காக யார் காத்துக்கொண்டிருக்கிறானோ, அந்த வியாபாரத்துக்கு முதல் போட்டவன் அவன். பங்குதாரர் பட்டியலில் அவன் பேர் இருக்காது.

9 ஜூன்

"கடனே இல்லாத கம்பெனியும் இருக்கே" என்று ஒருவர் மல்லுக்கு நிற்கிறார். வங்கிக் கடன் இல்லாத கம்பெனி நிறைய உண்டு. அடுத்தவன் காசு இல்லாத கம்பெனி அபூர்வம்.

என் சித்தி சித்தூரில் இருக்கிறார். (எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரா சித்தூரும் பின்னால் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் கைப்பையில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நகைச்சீட்டு அட்டை இருக்கும். மாதம் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு சீல், பக்கத்தில் கேஷியரின் கிறுக்கல். எண்ணிப் பார்த்தால் பதினோரு கட்டம்தான். பன்னிரண்டாவது ஏன் இல்லை என்று சித்தி என்றைக்கும் கேட்டதில்லை. காரணம் 2014-ல் வந்த கம்பெனி டெபாசிட் விதி. சரக்குக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் சரக்கைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. தாண்டினால் டெபாசிட், அதுக்கு வேற சட்டம், வேற தொல்லை. பதினோரு மாதம் கட்டச் சொல்லி, அடுத்த மாதமே நகையை எடுத்துக்கொள்ளச் சொன்னால் வருடத்துக்குள் முடிந்துவிடும். அட்டையின் வடிவத்தைச் சட்டம்தான் போட்டுக் கொடுத்திருக்கிறது.

இந்தக் காசு அறிக்கையில் எங்கே? நடப்புப் பொறுப்புகளுக்குள், 'வாடிக்கையாளர்களிடமிருந்து முன்பணம்' என்ற வரியில். வங்கிக் கடன் பக்கமே வராது. பெரிய நகைக்கடைகளுக்கு இது கோடிக்கணக்கில் இருக்கும்.

அடுத்து தங்கக் கடன். வங்கி காசுக்குப் பதில் தங்கத்தையே கொடுக்கிறது. 2025 நடுவில் உள்நாட்டு நகைக்கடைக்காரருக்கு 180 நாள் வரை என்று இருந்தது. விற்கிற அன்றைக்கு விலையை முடித்துக்கொள்ளலாம் என்பதால், இடையில் தங்கம் விழுந்தாலும் கடைக்காரர் வயிறு கலங்காது. தனிஷ்க் கடைகளை நடத்தும் டைட்டன் அறிக்கையில் இது தனி வரியாகவே வரும். மூன்றாவது, ஃபிரான்சைஸ். திருச்சூர் கல்யாண் ஜுவல்லர்ஸ் சமீப வருடங்களில் விரிந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். கடைக்கும் சரக்குக்கும் முதல் ஃபிரான்சைஸ்காரருடையது, கடையை நடத்துவது கம்பெனி.

ஆக கடைக்குள்ளே மின்னுகிற தங்கத்தில் சித்தி காசு, வங்கித் தங்கம், ஃபிரான்சைஸ்காரர் முதல், கம்பெனியின் சொந்த முதல் எல்லாம் கலந்து கிடக்கிறது. எது எவ்வளவு என்று குறிப்புகளில் பிரித்து எடுக்கலாம். நடிகரை வைத்து எடுக்கிற விளம்பரத்தில் எடுக்க முடியாது.

9 ஜூன், ராத்திரி

சித்தியிடம் இதைச் சொன்னேன். "வட்டி இல்லாமயா? சேதாரத்துல கழிக்கிறாங்கல்ல!" என்றார். சரிதான். திரும்பி வரும் அம்பு ஒன்றையும் போட வேண்டும். போட்டாச்சு.

10 ஜூன்

எல்லோரும் இப்படித்தானா என்றால் இல்லை. டிமார்ட் சூப்பர்மார்க்கெட்டை எடுங்கள். 2025 மார்ச்சில் 415 கடை. பெரும்பாலான கடைகளின் கட்டடம் சொந்தம், அதனால் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) நிலமும் கட்டடமும் கனமாக உட்கார்ந்திருக்கும். சப்ளையர் பாக்கியை நாள் கணக்கில் போட்டால் பத்தைத் தொடாது. மற்றவன் சப்ளையர் காசில் ஓட்டும்போது இவர்கள் சீக்கிரம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். வாடகையும் மிச்சம். அதனால்தான் அலமாரியில் விலை குறைவு. இதே மாதிரி அடுக்கி, இதே பில் போட்டு விற்கிற இன்னொரு கடை வாடகைக் கட்டடத்தில், அறுபது நாள் கடனில் ஓடினால் அது வேற வியாபாரம். வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

12 ஜூன்

அடகுக் கம்பெனிகளைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியுமா? முத்தூட் ஃபைனான்ஸ் கொச்சியில், மணப்புரம் திருச்சூர் பக்கம் வலப்பாட்டில். முத்தூட் கொடுத்திருக்கும் கடன் தொகை 2025 மார்ச்சில் 1 லட்சம் கோடியைத் தாண்டியது.

இங்கே மூலப்பொருளே பணம்தான். செலவுப் பக்கத்தில் முதல் பெரிய வரி வட்டிச் செலவு, அடுத்தது சம்பளம். வங்கியிலும் கடன்பத்திரத்திலும் வாங்கியதற்குக் கொடுக்கிற வட்டிக்கும், கிளையில் வாங்குகிற வட்டிக்கும் நடுவில் பிழைப்பு. இது எல்லோருக்கும் தெரியும். சுவாரசியம் தவணையில் இருக்கிறது.

100 ரூபாய்த் தங்கத்துக்கு 75 ரூபாய் கடன், வட்டி 24% என்று வையுங்கள். வருடம் முடிவில் ஒரே கட்டாகக் கட்டுவதாக இருந்தால் 75-உடன் 18 சேர்ந்து 93 ஆகிறது. தங்கம் ஏழு சதவீதத்துக்கு மேல் சரிந்தால் ஏலம் விட்டாலும் அசலும் வட்டியும் தேறாது. அதே கடன் மூன்று மாதத்துக்கு என்றால் 79.50. இருபது ரூபாய் இடைவெளி இருக்கிறது. 2013 ஏப்ரலில் தங்கம் மளமளவென்று விழுந்தபோது இந்தக் கணக்கு பலருக்கும் உறைத்தது. அதற்குப் பிறகு மணப்புரம் குறுகிய தவணைக்கு, மூன்று மாதக் கடனுக்கு, மாறியது. கிளை அதே, கவுண்டர் அதே, உரைகல் அதே. ஆனால் வியாபாரம் மாறிவிட்டது. அதன்பின் அவர்களுக்குத் தங்க விலை பெரிய பயம் இல்லை. வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்கு ஒருதரம் படியேறி வர வேண்டும், அதுதான் கவலை.

சட்டமும் படத்தை மாற்றும். தங்க மதிப்பில் கடன் 60%-க்கு மேல் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 மார்ச்சில் இந்தக் கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2014 ஜனவரியில் 75% ஆனது. அந்த இரண்டு வருட அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், வளர்ச்சி எங்கே முறிந்தது என்று தெரியும். 2025 ஜூன் 6-ந்தேதி புது உத்தரவு வந்தது. இரண்டரை லட்சம் வரை 85%, ஐந்து லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் மாறியாக வேண்டும்.

12 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

85% என்று எழுதியதைப் பார்த்து "இனிமேல் கூடுதலாகக் கிடைக்கும்" என்று குதிக்க வேண்டாம். ஒரே கட்டாகத் திருப்பும் கடனுக்கு, முடிவில் கட்டவேண்டிய முழுத்தொகையும் அந்த 85-க்குள் அடங்க வேண்டும். வருடக் கடனாக, மேலே சொன்ன 24% வட்டியில் போட்டால் கையில் கிடைப்பது 68 ரூபாய் சொச்சம். மாதாமாதம் வட்டி கட்டினால் கூடுதல். எந்தக் கம்பெனி எந்தத் தவணையை முன்னால் தள்ளப் போகிறது என்பதை அடுத்த வருட அறிக்கையில் பார்க்கலாம்.

15 ஜூன்

"லிஸ்டட் கம்பெனி சரி, பக்கத்து ஊர்ப் பிரைவேட் லிமிடெட்டை எப்படிப் பார்ப்பது?"

அதுவும் முடியும். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களைத் திறக்கலாம். ஏஓசி-4-ல் கணக்கு, எம்ஜிடி-7-ல் பங்குதாரர் விவரம். எந்த வங்கி எதை ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்திருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. நான் முதலில் திறப்பது அதைத்தான். இயந்திரத்தின் மேல் கடனா, சரக்கின் மேல் கடனா என்று தெரிந்தால் பாதிக் கதை முடிந்தது.

கம்பெனியின் 21 இலக்க அடையாள எண்ணே ஒரு ஜாதகம். முதல் எழுத்து எல் என்றால் சந்தையில் பட்டியலிட்டது, யு என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில், பிறகு மாநிலம், தொடங்கிய வருடம், கம்பெனி வகை, பதிவு எண். வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் பதிந்தால் கேஎல். அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் பதிந்தால் டிஎன் வராது, டிஇசட் வரும். கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஷெட் போட்டுவிட்டுக் கோவையில் பதிந்த கம்பெனிகள் கொஞ்சமில்லை.

கம்பெனியே இல்லாத ஆளை என்ன செய்வது? பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 32 கேரளம், 33 தமிழ்நாடு, 37 ஆந்திரா. அதைத் தொடர்ந்து பான் எண் வருகிறது. மொத்தத்தில் ஆறாவது எழுத்து பி என்றால் தனி ஆள், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், சி என்றால் கம்பெனி. 'குரூப் ஆஃப் கம்பெனீஸ்' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் டீ குடித்துவிட்டு பில் வாங்கினால் ஆறாவது எழுத்து பி. அதோடு போச்சு குரூப்பு.

16 ஜூன்

தொழில் குறியீட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பதிந்த அன்றைய ஜாதகம். என்னிடம் வந்த ஒரு ஃபைலில் குறியீடு நூற்பாலை. கணக்கைத் திறந்தால் நூல் விற்ற காசு சொற்பம், 'இதர வருமானம்' மலை மாதிரி. மில் கொட்டகையைக் கல்யாண மண்டபமாக மாற்றியிருந்தார்கள். முகூர்த்த மாதங்களில் மட்டும் நடக்கும் ஸ்பின்னிங்.

22 ஜூன்

ஆந்திரா சித்தூர்.

குடிபாலா பக்கமிருந்து எழுதும் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோத்தாபுரி ரகம். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் (பல்ப்) ஃபேக்டரி வாசலில் ராத்திரி பூரா கிடக்கிறார். 2025 சீசனுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு சொல்லியிருக்கிறது, 8 ஃபேக்டரி தரவேண்டும், 4 அரசு தரும். வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் கலெக்டர் 7-ந்தேதி உத்தரவு போட்டு, கர்நாடக முதலமைச்சர் கடிதம் எழுதும் அளவுக்குப் போய்விட்டது. அவர் கேள்வி: "இந்த ஃபேக்டரிகளின் கணக்கைப் பார்த்திருந்தால் இந்த விலை வீழ்ச்சி முன்னாடியே தெரிந்திருக்குமா?"

ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருக்கும், ஆனால் நேரத்துக்குத் தெரிந்திருக்காது.

கூழ் ஃபேக்டரி ஓடுவது வெயில் முடிவில் இரண்டு மூன்று மாதம். அப்போது பழம் வாங்க ஏகப்பட்ட காசு வேண்டும், கடன் உச்சத்துக்குப் போகும், டிரம் டிரம்மாகச் சரக்கு நிற்கும். பிறகு வருடம் முழுக்க ஜூஸ் கம்பெனிக்கும் ஏற்றுமதிக்கும் விற்றுக் கடனை அடைப்பார்கள். ஐந்தொகை எடுக்கும் தேதி மார்ச் 31. அன்றைக்குக் குடோன் கிட்டத்தட்ட காலி, கடன் குறைவு. அந்த ஒரு நாள் போட்டோவைப் பார்த்து "அடடா, கடன் குறைந்த நல்ல கம்பெனி" என்று சொன்னால் ஜூலையில் போய்ப் பாருங்கள், வேற ஆள்.

இதைத் திருப்பிப் போட்டால், மார்ச் 31 அன்று சரக்கிருப்பு பெரிசாக இருந்தால் அதுதான் அபாய மணி. போன வருடக் கூழ் விற்கவில்லை என்று அர்த்தம். இந்த வருடம் விலை விழுந்ததற்குத் தேங்கிய பழைய கூழும் ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் நிச்சயமாக அவர்கள் கணக்கில் இருக்கும். ஆனால் பொதுக்குழு செப்டம்பர் 30 வரை கூடலாம், அதற்கப்புறம் முப்பது நாளில் கணக்குத் தாக்கல். நம் கண்ணுக்கு வருவது தீபாவளியை ஒட்டி. பழம் அழுகுவது ஜூனில்.

இன்னொன்று. 2025 நடுவில் இருந்த வரம்புப்படி, பங்கு மூலதனம் 4 கோடிக்கும் விற்றுமுதல் 40 கோடிக்கும் மேல் போகாத பிரைவேட் கம்பெனி பணப்புழக்க அறிக்கை தர வேண்டியதே இல்லை. சின்ன யூனிட்டுகளில் காசு எப்போது வந்தது, எப்போது போனது என்று பார்க்க அந்தப் பக்கமே இருக்காது.

29 ஜூன்

முதலில் கேட்ட அட்டைப்பெட்டித் தம்பி திரும்பி வந்தார். "அண்ணா, சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பாக்கின்னு தனி வரி இருக்கு. எத்தனை நாள் பாக்கின்னும் அட்டவணை போட்டிருக்காங்க. எல்லாமே முதல் கட்டத்துக்குள்ள. நல்ல பார்ட்டிதானே?"

2021 ஏப்ரல் முதல் அந்த அட்டவணை கட்டாயம். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தரவேண்டியதைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் வயசு வாரியாகக் காட்ட வேண்டும். ஆனால் முதல் கட்டத்தின் தலைப்பைப் படி. 'ஒரு வருடத்துக்குள்'. நாற்பது நாளில் கொடுத்தவனும் முந்நூறு நாள் இழுத்தவனும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாடிக்கையாளரிடம் வரவேண்டிய பாக்கிக்காவது ஆறு மாதம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நமக்குத் தரவேண்டியதற்கு அதுவும் இல்லை.

வேற இடத்தில் தேடு. சிறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாள், தாண்டினால் வட்டி. அந்த வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குறிப்புகளில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் பூஜ்யம் போடுவார்கள். பூஜ்யமாக இல்லாமல் நாலு லட்சம், ஐந்து லட்சம் என்று இருந்தால் உண்மையைச் சொல்கிற கம்பெனி என்றும் எடுத்துக்கொள்ளலாம், தாமதமாகத் தருகிற கம்பெனி என்றும் எடுத்துக்கொள்ளலாம். 45 நாள் தாண்டிய பாக்கிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 என்று ஒரு படிவமும் உண்டு. 2023-24 கணக்கிலிருந்து, சட்டம் தந்த நாளுக்குள் கொடுக்காத பாக்கியைக் கொடுக்கிற வருடம்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். அதனால் மார்ச் கடைசி வாரத்தில் திடீரென்று பேமென்ட் வரும். அதை வைத்துக் கம்பெனி திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதே, ஏப்ரலில் பார்.

உன் கேள்விக்கு என் பதில்: தொண்ணூறு நாள் என்று எழுத்திலேயே கேட்கிறவனிடம் உத்யம் சான்றிதழின் (சிறு தொழில் பதிவு) நகலை முதல் பில்லோடு சேர்த்துக் கொடு. எழுதிக்கொண்டாலும் 45-க்கு மேல் சட்டம் ஒத்துக்கொள்ளாது. அதைப் பார்த்துவிட்டு ஆர்டரே இல்லை என்றால், உன் காசில் ஓடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

30 ஜூன்

"சட்டம் பேசினா ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போயிடும்ணா." போகும். அதை மறுக்கவில்லை. அப்படியானால் தொண்ணூறு நாள் வட்டியைப் பெட்டி விலையில் ஏற்று. 12% வட்டிக்கு எடுத்து ஓட்டினால் நூறு ரூபாய்ப் பெட்டிக்கு மூன்று ரூபாய். ஏற்ற விடவில்லை என்றால் விடு.

6 ஜூலை

கணக்கே இல்லாத வியாபாரத்தை எப்படி வரைவது என்று ஒருவர் கேட்டு, கள்ளைக் காட்டினார். சித்தூர் தாலுகாவில் இறக்குகிற கள் பர்மிட்டில் கேரளம் முழுக்கக் கடைகளுக்குப் போகிறது. தோப்புக்காரர், செத்துக்காரர் (கள் இறக்குபவர்), லைசன்ஸ்காரர், வண்டிக்காரர், இவர்களில் யாருக்கும் ஆண்டறிக்கை இல்லை. அங்கே காலையில் ஜீப் கிளம்பும்போது போய் நிற்பதுதான் வழி. கலால் துறையின் கடை ஒதுக்கீடு, லைசன்ஸ் எண்ணிக்கை என்று ஓரங்களைப் பிடிக்கலாம், நடுவைப் பிடிக்க முடியாது. (குடிக்கப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சரி, நினைத்துக்கொள்ளுங்கள்.)

13 ஜூலை

மாங்கூழ்க் கேள்விக்கு இன்னொரு வழி கிடைத்தது. வங்கியில் பெரிய கடன் வாங்குகிற பிரைவேட் கம்பெனிகள் கிரிசில், இக்ரா, கேர் போன்ற ஏஜென்சிகளிடம் ரேட்டிங் (கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மார்க்) வாங்குகின்றன. ஏன் இந்த ரேட்டிங் என்று அவர்கள் இரண்டு மூன்று பக்கம் எழுதி, காசில்லாமல் தங்கள் தளத்தில் போடுகிறார்கள். ஆண்டறிக்கை முன்பாதியில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கும். விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறதா, எந்த மாதத்தில் கடன் வரம்பு முழுதும் தீர்ந்துவிடுகிறது, சரக்கு எத்தனை நாள் நிற்கிறது, எல்லாம் நேரடியாக. வருடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிப்பார்கள், சமயத்தில் தீபாவளிக்கு முன்பே வந்துவிடும். குடிபாலாக்காரர் இனி மே மாதத்திலேயே இதைத் தேடிப் பார்க்கலாம்.

சில பேருக்குப் பக்கத்தில் 'ஒத்துழைக்காத நிறுவனம்' என்று போட்டிருக்கும். தகவல் கேட்டும் தரவில்லை என்று அர்த்தம். காரணம் எதுவானாலும், உள்ளே வேறெதையும் படிக்காமல் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவது என் பழக்கம். ரேட்டிங் ஏஜென்சிக்கே சொல்லாதவன் நமக்கு என்ன சொல்லப் போகிறான்.

20 ஜூலை

எக்செல் ஃபைல் கேட்டவர்களுக்கு: இல்லை. தாளும் இரண்டு பேனாவும்தான். ஆனால் ஒரு வருடத்தை மட்டும் வரையாதீர்கள், ஐந்து வருடம் எடுங்கள். அம்பின் மேலிருக்கும் நாள் 40, 44, 52, 61 என்று போனால் கம்பெனி சப்ளையரைப் பிழிகிறது, அல்லது அதன் கையில் காசு இல்லை. லாபம் ஏறிக்கொண்டே நாளும் ஏறினால் முதலாவது, லாபம் இறங்க நாள் ஏறினால் இரண்டாவது. பெரும்பாலும்.

சந்தை மதிப்பில் முதல் ஆயிரத்துக்குள் இருக்கும் கம்பெனி என்றால், 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு பொறுப்பு அறிக்கை என்று ஒன்று சேர்ந்து வரும். எல்லோரும் மரம் நட்ட கதை என்று தள்ளிவிடுகிறார்கள். நிரந்தரத் தொழிலாளி எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, கொள்முதலில் சிறு தொழிலிடமிருந்து வாங்கியது எத்தனை சதவீதம் என்று அதில் எண்ணாகவே இருக்கிறது. அட்டைப்பெட்டித் தம்பி அந்தச் சதவீதத்தை எடுத்து, மொத்தக் கொள்முதலால் பெருக்கி, சிறு தொழில் பாக்கியோடு வைத்துப் பார்த்திருக்கிறார். 71 நாள் வருகிறதாம். தொண்ணூறு கேட்டவன் எழுபத்தொன்றில் கொடுக்கிறான். பில் விலையில் எவ்வளவு ஏற்றுவது என்று இப்போது அவருக்கே தெரியும்.